மண் தரையிலும் மழைநீர் சேர்க்கலாம்



நம் தருமபுரி மாவட்டத்தில் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளூரைடு அதிகம். பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிவது அதனால்தான். நாளடைவில் எலும்பையும் அது பாதிக்கும். கொதிக்க வைத்தாலும் ஃபுளூரைடு போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் தடைப்படும் நாளில் பலர் மீண்டும் அதே நீரைத்தான் குடிக்கிறோம். மழைநீரில் இந்தக் குறை இல்லை.

ஓட்டு வீட்டிலோ மாடி வீட்டிலோ இருப்பவர்கள் கூரைநீரைச் சேர்க்கலாம். கூரை வசதி இல்லாதவர்கள் என்ன செய்வது? ராஜஸ்தானின் தார் பாலைவன மக்கள் தரையையே கூரையாக்கிக் கொண்டார்கள். தொட்டியைச் சுற்றியுள்ள நிலத்தைச் சரிவாக்கி, இறுக்கி, ஓடிவரும் நீரைச் சேமிக்கிறார்கள். அத்தொட்டிக்கு 'டாங்கா' என்று பெயர்.

செய்முறை:

1. கழிவறை, சாக்கடை, மாட்டுத் தொழுவம் ஆகியவற்றுக்கு மேட்டில் இடம் தேர்ந்தெடுங்கள். சுற்றி வேலி அவசியம்.

2. புல், கல் நீக்கி, 10 அடிக்கு 4 அங்குலம் சரிவு கொடுங்கள்.

3. மேல்மண்ணைக் கொத்தி, களிப்பான மண் பத்துப் பங்குக்கு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு கலந்து, ஈரப்படுத்தித் திமிசுக் கட்டையால் இறுக்குங்கள். ஒரு வாரம் ஈரம் காயாமல் காக்கவும். சாணம் மெழுக வேண்டாம், நீர் கெடும்.

4. முதலில் ஒரு சதுர அடியில் செய்து பார்த்து, ஒரு குடம் நீர் ஊற்றுங்கள். உறிஞ்சாமல் ஓடினால் மற்ற இடத்திலும் செய்யலாம்.

5. தொட்டிக்கு முன் வண்டல் குழியும் கம்பி வலையும் வையுங்கள். முதல் இரண்டு மழை நீரை வெளியே விடுங்கள்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். இரண்டரை சென்ட் நிலம் சுமார் 100 சதுர மீட்டர். அதில் 200 மில்லிமீட்டர் மழை பெய்து பாதி மட்டும் சேர்ந்தாலும் 10,000 லிட்டர். நீளம், அகலம், ஆழம் ஏழேழு அடி கொண்ட தொட்டி ஏறக்குறைய நிரம்பிவிடும். நாளுக்கு 20 லிட்டர் எடுத்தால் ஓராண்டுக்கு மேல் வரும்.

தரைநீரில் கிருமிகள் இருக்கும். ஆகவே குடிக்குமுன் வடிகட்டிக் கொதிக்க வையுங்கள். ஒளு, துணி துவைத்தல், ஆடுகளுக்கு அப்படியே பயன்படும். தொட்டியை மூடியே வையுங்கள். கொசுவும் வராது, குழந்தைகளும் விழமாட்டார்கள்.

ஐப்பசி மழைக்கு முன் நான்கு வீட்டார் சேர்ந்து ஒரு தரையைச் சீர்செய்தால் போதும். இன்ஷா அல்லாஹ், அடுத்த கோடையில் அதன் பலன் தெரியும்.