வால்வு ஒயில் சீல்: தெரிதலும் பொருத்தலும்

வெலிமடை, பண்டாரவளை மரக்கறியைக் கெப்பெட்டிபொலச் சந்தைக்கு ஏற்றும் பெற்றோல் வான், நீண்ட இறக்கத்தின் பின் மீண்டும் விசை கொடுக்கையில் நீலப்புகை கக்குமாயின், வால்வு சீல்களையும் வழிகாட்டிகளையும் சோதித்தல் வேண்டும். இறக்கத்தில் காற்று உறிஞ்சுகுழாயில் உண்டாகும் வெற்றிடம் வால்வுத் தண்டின் வழியே எண்ணெயை இழுக்கின்றது. ஏற்றத்தில் இடைவிடாது புகைப்பின், பிஸ்டன் வளையங்களைச் சோதிக்குக.

எஞ்சினைப் புதுப்பிக்கையில், தண்டு ஆடுமாயின் வழிகாட்டியை முதலில் மாற்றுக; இன்றேல் புதிய சீலும் நிலையாது. தண்டின் விட்டத்திற்கு ஒத்த சீலையே தெரிக. வெளியேற்று வால்வுக்கு வெப்பந் தாங்கும் வைற்றன் றப்பர் ஏற்றது.

சுருள்வில்லின் அடித்தட்டு இருப்பின் அதனை முன்னரே இடுக. தண்டிற்கு எண்ணெய் பூசி, பூட்டுப் பள்ளத்தை மெல்லிய பிளாஸ்ரிக் உறையால் மூடுக. அதன் கூர்விளிம்பு சீலைக் கிழிக்கும். சுத்தியலால் அடியாது, பொருந்திய குழாயால் நேராக அழுத்துக. கிழிந்த சீலோடு மூடிய எஞ்சினை மீண்டும் கழற்ற நேரும்.