மேல்சபைத் தேர்தலில் பஞ்சாயத்தின் இடம்

சட்டசபைத் தேர்தலைப் பற்றிப் பஞ்சாயத்து அங்கத்தினர் யாவரும் அறிவர். மேல்சபைத் தேர்தலைப் பற்றி அறிந்தவர் மிகச் சிலரே. நமது ராஜ்யத்தில் அச்சபை இருந்த காலத்தில், அதன் இடங்களில் மூன்றிலொரு பங்கு ஸ்தல ஸ்தாபனங்களுக்கு உரியதாயிருந்தது. ஆகவே அதன் வரலாற்றையும் தேர்தல் முறையையும் நாம் தெரிந்துகொள்வது நலம்.

அமைப்பு

1935ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டப்படி, 1937 முதல் சென்னை மாகாணத்துக்கு இரு சபைகள் அமைந்தன. பின்னர் நமது அரசியலமைப்பின் 171ஆவது ஷரத்து மேல்சபையின் அமைப்பை வகுத்தது. மூன்றிலொரு பங்கினரை ஸ்தல ஸ்தாபன அங்கத்தினரும், மூன்றிலொரு பங்கினரைச் சட்டசபை அங்கத்தினரும் தேர்ந்தெடுப்பர். பட்டதாரிகளும் ஆசிரியர்களும் தனித்தனியே பன்னிரண்டிலொரு பங்கினரைத் தேர்ந்தெடுப்பர். எஞ்சியோரைக் கவர்னர் நியமிப்பார். பதவிக்காலம் ஆறாண்டு, ஈராண்டுக்கொரு முறை மூன்றிலொரு பங்கினர் விலகுவர், சபை கலைக்கப்படுவதில்லை.

1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டப்படி, கிராமப் பஞ்சாயத்துத் தலைவர்களே யூனியன் கவுன்சிலில் அங்கத்தினராயினர். அவ்வழியே பூம்பாறை, மன்னவனூர், தாண்டிக்குடி போன்ற மலைக்கிராமங்களின் தலைவர்களுக்கும் மேல்சபைத் தேர்தலில் ஓட்டுரிமை கிட்டியது.

ஓட்டளிக்கும் முறை

இத்தேர்தலில் முத்திரை குத்துவதில்லை. நாம் முதலாவதாக விரும்பும் அபேட்சகருக்கு நேரே 1 என்றும், அடுத்தவருக்கு 2 என்றும் எண்களால் குறித்தல் வேண்டும். எண்ணை எழுத்தால் எழுதலாகாது. 1 என்ற குறி இல்லாத சீட்டும், இருவருக்கு 1 இட்ட சீட்டும் செல்லா.

ஓர் இடத்துக்கு 200 செல்லுபடியான ஓட்டுகள் பதிவாயின எனக் கொள்வோம். வெற்றிக்கு வேண்டுவன 101. முதலாமவர் 90, இரண்டாமவர் 70, மூன்றாமவர் 40 பெறுகின்றனர். எவருக்கும் 101 இல்லை. எனவே மூன்றாமவர் விலக்கப்படுகிறார். அவருடைய 40 சீட்டுகளில் இரண்டாம் விருப்பம் 32 இரண்டாமவருக்கும், 8 முதலாமவருக்கும் சேருகின்றன. 102 பெற்ற இரண்டாமவரே வெற்றி பெறுகிறார்.

இதில் மலைவாழ் மக்களுக்கு ஒரு பாடம் உண்டு. சமவெளி யூனியன்களுடன் ஒப்பிட்டால் மலையின் ஓட்டுகள் சொற்பமே. ஆயினும் நாம் முதலில் விரும்பியவர் தோற்றாலும், இரண்டாவது விருப்பத்தைக் குறித்திருந்தால் நமது ஓட்டு வீணாகாது. வெற்றியை நிர்ணயிக்கும் வலிமையும் அதற்கு உண்டு.

அபாயங்கள் இரண்டு

ஓட்டர்கள் சில நூறு பேராயின், ஆசை காட்டுவோருக்கு வேலை எளிது. இது முதல் அபாயம். தேர்தல் கமிஷனின் நெறிப்படி, ஒரு தொகுதியில் நூற்றுக்கு 75 பங்கு ஸ்தல ஸ்தாபனங்களேனும் இயங்கினாலன்றித் தேர்தல் நடவாது. உள்ளூர்த் தேர்தல் தாமதமானால், மேலேயுள்ள சபையிலும் கிராமத்தின் குரல் அடங்கிவிடும். இது இரண்டாவது அபாயம்.

ஒழிப்பும் பிற்கால முயற்சிகளும்

63 அங்கத்தினர் கொண்டிருந்த நமது மேல்சபை 1986 நவம்பர் 1ஆம் தேதி ஒழிக்கப்பட்டது. திரு. ம. பொ. சிவஞானம் அதன் கடைசித் தலைவராவார். 1989, 1996, 2010ஆம் ஆண்டுகளில் அதை மீட்கத் தீர்மானங்கள் நிறைவேறின. 2010இல் 78 இடங்களுக்குப் பாராளுமன்றம் சட்டமும் இயற்றியது. 2011இல் புதிய சட்டசபை மாறாகத் தீர்மானித்ததால் சபை அமையவில்லை. ஆந்திரம் 1985இல் ஒழித்த மேல்சபையை 2007இல் மீண்டும் அமைத்துக்கொண்டது. கர்நாடகத்தில் 75 இடங்களுள் 25 ஸ்தல ஸ்தாபனங்களுக்கு உரியவை. அங்கே கிராமப் பஞ்சாயத்து அங்கத்தினரும் ஓட்டளிக்கின்றனர்.

இன்று நாம் செய்யத்தக்கது

மேல்சபை வேண்டுமா, வேண்டாவா என்பது சட்டசபையும் பாராளுமன்றமும் முடிவு செய்யவேண்டிய காரியம். ஆனால் காட்டெருமை மேயும் பூண்டு வயலும், மழையில் சரியும் மலைப்பாதையும் அம்முடிவுக்குக் காத்திரா. நவம்பர் 1ஆம் தேதியே 2022 முதல் உள்ளாட்சி தினமாகக் கொண்டாடப்பட்டு, அன்று கிராமசபையும் கூட்டப்படுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியனவும் கிராமசபைக்குரிய நாட்கள். இச்சபையில் பிரதிநிதி வழியாக அன்றி, ஒவ்வோர் ஓட்டரும் நேரிலேயே பேசலாம். குறையை இடம், அளவு, செலவு ஆகிய விவரங்களுடன் தீர்மானமாக எழுதி, அங்கேயே வாசித்துக் கேட்டு, அதன் பின்னரே கையொப்பமிடுங்கள். அத்தீர்மானத்தின் நகலைச் சட்டசபை அங்கத்தினருக்கும் அனுப்பி, அடுத்த கிராமசபையில் அதன் நிலையை விசாரியுங்கள்.