ரோமில் கால் பிசகினால்: முழுமையான வழிகாட்டி

ரோம் நகரின் பழைய தெருக்களில் 'சம்பியெத்ரினி' என்ற எரிமலைக் கற்களைப் பாவியிருக்கிறார்கள். மழை பெய்தால் வழுக்கும், காய்ந்திருந்தால் இடுக்கில் செருப்பு மாட்டும். போதாக்குறைக்கு, அண்ணாந்து பார்த்தபடியே நடக்க வைக்கும் ஊர். கணுக்கால் மடங்க வேறென்ன வேண்டும்? ஐரோப்பாவின் மற்ற ஊர்களிலும் செய்ய வேண்டியவை ஏறக்குறைய கீழே சொல்பவைதான்.

முதலில்: உருவாதீர்கள்

நம்மவர்களுக்குக் கால் பிசகினால் கை தானாகத் தைலத்தைத் தேடும். வேண்டாம். எலும்பு விரிசலா என்று தெரியாமல் நீவிவிடுவது காரியத்தைக் கெடுக்கும். உட்கார்ந்து, ஷூவைத் தளர்த்தி, காலை இடுப்புக்கு மேலே தூக்கி வையுங்கள். பக்கத்து பாரில் ஐஸ் கேட்டால் கொடுப்பார்கள். துணியில் சுற்றி, ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம் வைத்தால் போதும்.

எலும்பா, சுளுக்கா?

கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட விதிகளை உலகெங்கும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பயன்படுத்துகிறார்கள். கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்புகளின் பின்விளிம்பிலோ நுனியிலோ அழுத்தினால் வலிக்கிறதா? பாதத்தின் வெளி ஓரத்தில், நடுவே துருத்தும் எலும்பிலோ, உள்பக்கம் வளைவுக்கு மேலுள்ள எலும்பிலோ வலிக்கிறதா? நொண்டியாவது நான்கு அடி வைக்க முடிகிறதா? ஓரிடத்தில் வலித்தாலும், நான்கு அடி முடியாவிட்டாலும் எக்ஸ்ரே தேவை.

சர்க்கரை நோயாளிகள் இந்தச் சோதனையை நம்பக் கூடாது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் முறிவுகூட வலிக்காமல் போகலாம். அடியே படாமல் பாதம் சிவந்து சூடாக வீங்கினாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, அது சுளுக்கே அல்ல, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

போன் செய்துவிட்டுப் போங்கள்

ஷெங்கன் விசாவுக்காக 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எடுத்திருப்பீர்கள். விசா வந்ததும் அந்தத் தாளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதிலுள்ள உதவி எண்ணுக்கு முதலில் பேசி, பதிவு எண் வாங்குங்கள். எந்த மருத்துவமனை, யார் பணம் கட்டுவது என்பது அங்கேதான் முடிவாகும். எலும்பு கோணியிருந்தாலோ பாதம் மரத்து வெளுத்தாலோ காப்பீடு காத்திருக்கட்டும், 112ஐ அழையுங்கள்.

அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு 'பிரோந்தோ சொக்கோர்சோ' என்று பெயர். உயிருக்கு ஆபத்தானவர்களை முதலில் பார்ப்பார்கள். சுளுக்குக்காரர் மணிக்கணக்கில் உட்கார நேரும். பில், மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே அறிக்கை எதையும் விடாதீர்கள்.

கட்டை ஊன்றுவது

பச்சைச் சிலுவை விளக்கு எரிந்தால் மருந்துக்கடை. கிரேப் பேண்டேஜ் அங்கே கிடைக்கும். ஊன்றுகட்டையும் பல கடைகளில் கிடைக்கும், சிலவற்றில் வாடகைக்கே. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை என ஏதாவது இருந்தால் வலி மாத்திரை வாங்கும்போது சொல்லிவிடுங்கள்.

ஒற்றைக் கட்டை என்றால் நல்ல காலின் பக்கத்துக் கையில். பலரும் அடிபட்ட பக்கமே பிடிப்பார்கள், அது தவறு. படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது கட்டையும் அடிபட்ட காலும் முதலில். கக்கத்தில் தொங்காமல் உள்ளங்கையில் பாரத்தைப் போடுங்கள்.

டிக்கெட் போட்டாயிற்றே என்று நொண்டிக்கொண்டே எல்லாவற்றையும் பார்ப்பது வீண் பிடிவாதம். வாடிகன் அருங்காட்சியகத்தில் அடையாள அட்டையைக் காட்டினால் சக்கர நாற்காலி இலவசம்; அதில் உட்கார வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஊர் திரும்ப

விமான நிறுவனத்திடம் 48 மணி நேரத்துக்கு முன்பே சக்கர நாற்காலி கேளுங்கள். ஐரோப்பிய விமான நிலையங்களில் அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். 'நடக்க முடியாது' என்று மட்டும் சொன்னால் போதாது. படி ஏற முடியுமா என்பதையும் சொல்லுங்கள், ஏற்பாடு அதைப் பொறுத்து மாறும். துபாயிலோ தோஹாவிலோ விமானம் மாறினால் அங்கேயும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

புதிதாக மாவுக்கட்டு போட்டிருந்தால், நீண்ட பயணத்துக்குப் பல நிறுவனங்கள் 48 மணி நேரம் பொறுக்கச் சொல்லும். வானில் கால் வீங்கினால் கட்டு இறுக்கிவிடும். அசையாத காலில் ரத்தம் உறையும் அபாயமும் உண்டு. அதைத் தடுக்க ஊசி வேண்டுமா என்று கட்டு போட்ட மருத்துவரிடமே கேளுங்கள்.

பயணத்தைத் தள்ளிப்போட வேண்டிவந்து, அதற்குள் விசா முடிகிறதா? மருத்துவச் சான்றிதழுடன், விசா காலாவதியாகும் முன்பே உள்ளூர் அதிகாரிகளிடம் நீட்டிப்புக்கு விண்ணப்பியுங்கள். தவிர்க்க முடியாத காரணம் என்று ஏற்றுக்கொண்டால் அதற்குக் கட்டணம் கிடையாது.