கேஸ் ஸ்டேஷனுக்குக் கூடுதல் போர்டு: ஸோனிங் வாரியத்தின் முன் என்ன பேசுவது

இரண்டு ரோடு கூடும் முனையில் நிற்கும் ஒரு அமெரிக்க கேஸ் ஸ்டேஷனின் போர்டுகளை எண்ணிப் பாருங்கள். ரோட்டோரத்தில் விலையைக் காட்டும் கம்பப் போர்டு ஒன்று. பம்புகளுக்கு மேலே விரிந்திருக்கும் கேனபியின் மூன்று பக்கங்களிலும் எண்ணெய்க் கம்பெனியின் சின்னம். பின்னால் உள்ள கடையின் நெற்றியில் கடைப்பெயர். உள்ளே சாண்ட்விச் கவுண்டர் இருந்தால் அதற்கொரு பெயர், பக்கத்தில் கார் வாஷ் இருந்தால் அதற்கும் ஒன்று. ஏழு ஆகிவிட்டது. உள்ளூர் விதிப்புத்தகமோ ஒரு வியாபாரத்துக்குச் சுவரில் ஒன்று, தரையில் ஒன்று என்று நிறுத்திக்கொள்ளும். முடிதிருத்தும் கடையையும் மருந்துக்கடையையும் மனதில் வைத்து எழுதிய கணக்கு அது. ஆகவே பிராண்ட் மாறும்போதோ கடையை விரிவாக்கும்போதோ உரிமையாளர் ‘வேரியன்ஸ்’ என்னும் விதிவிலக்கு கேட்டு ஸோனிங் முறையீட்டு வாரியத்தின் முன் நிற்க நேர்கிறது. அங்கே போய்ப் பலரும் வியாபாரத்தைப் பேசுகிறார்கள்: போட்டி அதிகம், லாபம் குறைவு, கம்பெனி கேட்கிறது. அத்தனையும் உண்மையாக இருக்கலாம். ஆனால் வாரியம் எடைபோட வேண்டியது மனையையும் ரோட்டையும் அக்கம்பக்கத்தையும். இந்த வேறுபாட்டை மனதில் வைத்து ஒவ்வொரு படியையும் எடுத்து வைத்தால் விதிவிலக்கு கிடைக்கும் வாய்ப்பு கூடும். எடுத்துக்காட்டாக நியூயார்க் மாநிலத்து டவுன்களை வைத்துப் பார்ப்போம். கிராம, நகரச் சட்டங்களும் ஏறக்குறைய இதே அச்சில்தான் இருக்கின்றன. நியூயார்க் மாநகரத்துக்கு மட்டும் தனி ஏற்பாடு.

சட்டத்தின் மனப்போக்கைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நிலத்தை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து, இங்கே இதுதான் கட்டலாம் என்று ஊராட்சி சொல்லலாமா என்ற கேள்விக்கு, 1926-இல் ஒஹையோவின் யூக்ளிட் கிராமத்து வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ‘சொல்லலாம்’ என்று தீர்ப்பளித்தது. ஆனால் எல்லா மனைக்கும் ஒரே அளவுகோல் வைத்தால் கோணல் மனைக்காரர் அநியாயமாக மாட்டிக்கொள்வார். அவருக்காக வைத்த ஜன்னல்தான் விதிவிலக்கு. போர்டின் அளவு, உயரம், எண்ணிக்கை போன்றவற்றில் கேட்பதை நியூயார்க்கில் ‘ஏரியா வேரியன்ஸ்’ என்பார்கள். டவுன் சட்டத்தின் 267-பி பிரிவு அதற்கு ஐந்து கேள்விகளை வைக்கிறது. அக்கம்பக்கத்தின் தன்மை கெடுமா? நீங்கள் நாடுவதை வேறு வழியில் அடைய முடியாதா? கேட்கும் விலகல் பெரியதா? சுற்றுப்புறத்துக்குக் கேடு உண்டா? சிக்கலை நீங்களே உண்டாக்கிக்கொண்டீர்களா? உங்களுக்கு வரும் நன்மையை ஒரு தட்டிலும் ஊருக்கு வரக்கூடிய கேட்டை இன்னொரு தட்டிலும் வைத்து வாரியம் நிறுக்கிறது. நன்மை என்ற தட்டில் வியாபாரத்துக்கு இடம் உண்டுதான். ஆனால் ஐந்து கேள்விகளில் ஒன்றுகூட உங்கள் வருமானத்தைக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

முதல் வேலை விதிப்புத்தகத்தைப் படிப்பது. நியூயார்க்கின் பெரும்பாலான டவுன்களின் விதிகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. போர்டு அத்தியாயத்தில் முதலில் பார்க்க வேண்டியது, பரப்பை எப்படி அளக்கிறார்கள் என்பது. சில ஊர்களில் எழுத்துகளைச் சுற்றி ஒரு செவ்வகம் வரைந்து அதை மட்டும் எண்ணுவார்கள். சில ஊர்களில் விளக்கு எரியும் முகம் முழுவதும் கணக்கில் சேரும். கேனபியைச் சுற்றி ஓடும் நிறப்பட்டை போர்டா, வெறும் பெயின்டா என்பதிலேயே நூறு சதுர அடி கூடலாம், குறையலாம். இதைக் கட்டட ஆய்வாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழிக்கு நாளைக்கு மதிப்பு இருக்காது. அடுத்து, மனையில் ஏற்கெனவே நிற்கும் பழைய உயரக் கம்பம். விதி வருவதற்கு முன்பே வைத்ததாக இருந்தால் இன்றைய விதிக்குப் பொருந்தாவிட்டாலும் அதற்கு நிற்கும் உரிமை இருக்கலாம். அழகாக இல்லையே என்று அவசரப்பட்டு இறக்கினால் அந்த உரிமையும் சேர்ந்து இறங்கிவிடும். பேரம் பேச உங்கள் கையில் இருக்கும் நல்ல சீட்டு அதுதான். கூட்டம் முடியும்வரை அதைத் தொடாதீர்கள். ஸ்டேஷனுக்கு முன்பு கிடைத்த சிறப்பு அனுமதியிலோ மனை வரைபட ஒப்புதலிலோ போர்டு பற்றி நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் திட்டக்குழுவிடமும் போக வேண்டியிருக்கும். சர்வேயரின் வரைபடமும் தேவை: ரோட்டோரப் புல்தரையில் பாதி மாநிலத்தின் வழியுரிமை நிலமாக இருக்கலாம், அங்கே போர்டு நட வாரியத்தாலும் அனுமதி தர முடியாது. இவ்வளவும் பார்த்தபின் போர்டு பெர்மிட்டுக்கு விண்ணப்பியுங்கள். ஆய்வாளர் மறுப்பார். அந்த மறுப்புதான் முறையீட்டுக்கு வாசல். அது பதிவான நாளிலிருந்து 60 நாளுக்குள் வாரியத்திடம் போக வேண்டும்.

இனி, வழக்கின் நெஞ்சுப் பகுதி. வழி தேடி வரும் ஓட்டுநருக்கு உங்கள் நுழைவாயில் எப்போது தெரிகிறது என்பதைக் கணக்காகக் காட்டுங்கள். மணிக்கு 40 மைலில் ஓடும் கார் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 59 அடி கடக்கிறது. போர்டைப் பார்த்து, விலையைப் படித்து, முடிவெடுத்து, கண்ணாடி பார்த்து லேன் மாறி, வேகம் குறைக்க எட்டு வினாடி வைத்துக்கொண்டால் சுமார் 470 அடி. ஒரு அங்குல உயர எழுத்தை 30 அடி தூரத்திலிருந்து படிக்கலாம் என்பது போக்குவரத்துப் பலகைகளுக்கான கூட்டாட்சிக் கையேட்டில் உள்ள கணக்கு. அப்படியானால் எழுத்து கிட்டத்தட்ட 16 அங்குல உயரம் இருக்க வேண்டும். 30 மைல் ரோடென்றால் 352 அடி, 12 அங்குலம் போதும். உங்கள் ஊர் விதி அந்தப் போர்டுக்கு அனுமதிப்பது 24 சதுர அடி என்று வையுங்கள்; அதற்குள் கடைப்பெயரையும் மூன்று வகை எரிபொருள் விலையையும் 16 அங்குல எழுத்தில் அடக்க முடியாது என்று அளவு போட்ட படத்தில் காட்டிவிட்டால், வாரியம் உங்கள் ஆசையை விட்டுவிட்டு ரோட்டைப் பற்றிப் பேசத் தொடங்கும். கூடவே புகைப்படங்கள்: இரண்டு ரோட்டிலிருந்தும், 500 அடி, 300 அடி, 100 அடி தூரத்தில், ஓட்டுநரின் கண் உயரத்தில் எடுத்தவை. வளைவு, மேடு, பக்கத்து மனையின் மேப்பிள் மரங்கள், பாலத்தின் தடுப்புச்சுவர் எல்லாம் அதில் தானே பேசும். ஜூலையில் எடுங்கள், இலையுதிர்ந்த மரத்தின் ஊடாக எந்தப் போர்டும் தெரியும்.

இதே கணக்கு உங்களுக்கு எதிராகவும் திரும்பும், திரும்ப வேண்டும். கேனபியின் பின்பக்கத்தில், வீடுகளைப் பார்த்தபடி எரியும் சின்னத்துக்கு எந்த ஓட்டுநரும் தேவையில்லை. கடையின் நெற்றிப் பெயரைப் பார்ப்பவர் ஏற்கெனவே உள்ளே வண்டியை நிறுத்திவிட்டார். அது பெரிதாக இருந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. கணக்கு தாங்காத போர்டுகளை நீங்களே பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். அடித்ததை விண்ணப்பத்தில் சொல்லவும் வேண்டும், ஏனென்றால் தேவைக்குக் குறைந்தபட்ச விலகலைத்தான் வாரியம் தரவேண்டும் என்று சட்டமே கட்டுப்படுத்துகிறது. பத்து கேட்டால் ஐந்தாவது கிடைக்கும் என்ற சந்தைப் பேரம் இங்கே கெடுதல்தான் செய்யும். பத்தில் நான்கு அநாவசியம் என்று தெரிந்துவிட்டால் மீதி ஆறின் மேலும் சந்தேகம் விழும். ‘விலகல் பெரியதா’ என்ற மூன்றாவது கேள்விக்கும் இங்கேயே பதில் தயாரிக்கலாம். விதிப்படி இரண்டு போர்டு, மொத்தம் 100 சதுர அடி என்று வையுங்கள். நீங்கள் ஐந்து போர்டு கேட்டால் எண்ணிக்கையில் 150 விழுக்காடு கூடுதல்; காதில் விழும்போதே கனக்கிறது. அந்த ஐந்தும் சேர்ந்து 96 சதுர அடிதான் என்றால் பரப்பில் விலகலே இல்லை, அனுமதித்த பரப்பைத் துண்டுகளாக்கி வைக்கிறீர்கள், அவ்வளவே. அதோடு பழைய 25 அடிக் கம்பத்தை இறக்கிவிட்டுத் தரையோடு ஒட்டிய எட்டு அடிப் போர்டு வைக்கிறேன் என்று சேர்த்தால், ஊருக்கு முன்பிருந்ததைவிட நல்ல காட்சி கிடைக்கிறது என்று முதல் கேள்விக்கும் பதில் சொல்லிவிடலாம்.

மறுப்புகள் வரும். முதலாவது உங்கள் தரப்பிலிருந்தே: எண்ணெய்க் கம்பெனியின் ஒப்பந்தம் இத்தனை சின்னம் வேண்டும் என்கிறதே, அது போதாதா? போதாது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது நீங்கள். ஐந்தாவது கேள்வி அதைத்தான் தோண்டுகிறது. சொந்தமாக வரவழைத்துக்கொண்ட சிக்கல் என்பதற்காக மட்டும் ஏரியா வேரியன்ஸை மறுக்க வேண்டியதில்லை என்று நியூயார்க் சட்டம் சொல்வது உண்மை. பல மாநிலங்களில் இந்தத் தளர்வு இல்லை. பென்சில்வேனியாவின் சட்டம், சிக்கல் விண்ணப்பதாரர் உண்டாக்கியதாக இருக்கக்கூடாது என்றே நிபந்தனை வைக்கிறது. நியூயார்க்கிலும் அது உங்கள் தட்டைக் கொஞ்சம் லேசாக்கும். ஒப்பந்தத்தைக் காட்டுவதைவிட, சின்ன மனைகளுக்கென்று கம்பெனியிடம் மாற்று வடிவம் இருக்கிறதா என்று கேட்டு அதைக் கொண்டுவருவது நல்லது. ஏனென்றால் வாரியத்தில் ஒருவர் அதைக் கேட்பார்.

இரண்டாவது, ‘எதிர் ஸ்டேஷனுக்குக் கொடுத்தீர்களே’ என்பது. வெறும் முணுமுணுப்பாகச் சொன்னால் எடுபடாது, ஆவணமாகச் சொன்னால் வலுவான வாதம். ஒரே மாதிரியான உண்மைகள் இருந்தும் தன் பழைய முடிவிலிருந்து வாரியம் விலகினால், ஏன் என்று காரணம் சொல்ல வேண்டும் என்று நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1986-இல், நைட் - அமெல்கின் வழக்கில் தீர்த்தது. டவுன் கிளார்க் அலுவலகத்தில் பழைய முடிவுகளைக் கேட்டு வாங்கி, மனை அளவு, ரோட்டு வேகம், போர்டுப் பரப்பு மூன்றையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். எதிர் ஸ்டேஷனின் போர்டுகள் விதி வருவதற்கு முன்பே நின்றவை என்றால் அது முன்னுதாரணமே ஆகாது. அதைச் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது, பேச்சுச் சுதந்திரம். 2015-இல் ரீட் - கில்பர்ட் டவுன் வழக்கில் உச்ச நீதிமன்றம், போர்டில் எழுதியிருப்பதை வைத்து விதி வேறுபடுத்தினால் அது மிகக் கடுமையான சோதனையைத் தாண்டியாக வேண்டும் என்றது. அதைப் பிடித்துக்கொண்டு, போர்டுக்கு விதியே வைக்க முடியாது என்று சிலர் வாதிடுகிறார்கள். அதே தீர்ப்பிலேயே அளவு, வெளிச்சம், அசையும் பகுதிகள் போன்றவற்றை ஊர் கட்டுப்படுத்தலாம் என்றும் இருக்கிறது. 2022-இல் ஆஸ்டின் நகர வழக்கில், போர்டு அந்த மனையில் நடக்கும் வியாபாரத்துக்கானதா, வெளியில் உள்ளதற்கானதா என்று ஊர் பிரித்துப் பார்ப்பதை மட்டும் வைத்து அதை உள்ளடக்கக் கட்டுப்பாடு என்று சொல்ல முடியாது என்றும் நீதிமன்றம் சொன்னது. ஐந்து பேர் கொண்ட உள்ளூர் வாரியத்தின் முன் அரசியல் சாசனத்தை வீசுவது, கொசு அடிக்கக் கோடாரி தூக்குவது போலத்தான்.

கூட்டத்துக்கு முன் இரண்டு தேதிகளைக் கவனியுங்கள். விசாரணைக்குக் குறைந்தது ஐந்து நாள் முன்பு உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவிப்பு வரவேண்டும். அண்டை வீட்டாருக்கு அஞ்சல் அனுப்பவும் பல ஊர்களில் விதி உண்டு. கேஸ் ஸ்டேஷன்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும் இன்னொன்று: மாநில அல்லது கவுன்டி ரோட்டிலிருந்து 500 அடிக்குள் மனை இருந்தால் விண்ணப்பம் கவுன்டி திட்டத்துறைக்குப் போக வேண்டும், அவர்களுக்கு 30 நாள் உண்டு. கவுன்டி வேண்டாம் என்றால் வாரியத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதாது, ஒரு வாக்கு கூடுதலாக வேண்டும். ஐவர் வாரியத்தில் நான்கு. வாக்குக் கணக்கில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. பெரும்பான்மை என்பது வந்திருப்பவர்களில் இல்லை, மொத்த உறுப்பினர்களில். மூன்று பேர்தான் வந்திருக்கிறார்கள், இரண்டுக்கு ஒன்று உங்களுக்குச் சாதகம் என்றால் நீங்கள் தோற்றீர்கள். அன்றைக்கு நாற்காலிகளை எண்ணிப் பார்த்து, ஆள் குறைவென்றால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்கும் முன்பே பின்பக்கத்து வீடுகளின் கதவைத் தட்டிப் படத்தைக் காட்டிவிடுங்கள். அவர்களுடைய கவலை பெரும்பாலும் எண்ணிக்கையாக இருக்காது, இரவு படுக்கையறைக்குள் விழும் வெளிச்சமாக இருக்கும். கடை மூடியதும் விளக்கு அணையும், விலை காட்டும் எல்இடி எண்கள் இரவில் மங்கும் என்று நீங்களே நிபந்தனையாக முன்வைத்தால், எதிர்க்க வந்தவர் கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

விசாரணை முடிந்து 62 நாளுக்குள் வாரியம் முடிவு சொல்ல வேண்டும். முடிவு கிளார்க் அலுவலகத்தில் பதிவான நாளிலிருந்து 30 நாளுக்குள் யாரும் நீதிமன்றம் போகலாம், நீங்களோ எதிர்ப்பவரோ. ஆகவே வாக்கு விழுந்த மறுநாளே பணத்தைக் கொட்டி போர்டு செய்யக் கொடுக்காதீர்கள். அந்த முப்பது நாள் கழியட்டும். நீதிமன்றமும் வாரியத்தின் முடிவில் நியாயமான அடிப்படை இருந்ததா என்றுதான் பார்க்கும், வழக்கைப் புதிதாக நடத்தாது. நீங்கள் வாரியத்தின் முன் வைக்காத புகைப்படம் அங்கே உதவாது. எழுத்து முடிவில் ஐந்து கேள்விகளுக்கும் காரணம் எழுதியிருக்கிறதா, நிபந்தனைகள் சரியாக இருக்கின்றனவா என்று படித்துப் பாருங்கள். ‘இந்த உரிமையாளர் இருக்கும்வரை மட்டும்’ என்று எழுதியிருந்தால் திருத்தக் கேளுங்கள். நிபந்தனை நிலத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும், ஆளைப் பற்றியதாக இருக்கக்கூடாது என்று 1988-இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விதிவிலக்கு மனையோடு போகும். நீங்கள் ஸ்டேஷனை விற்றாலும் வாங்குபவருக்கு அது கிடைக்கும். பத்திரத்தோடு ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள், விலை பேசும்போது எடுத்துப் போட உதவும்.