மழைக்காலத்தில் மலைக்குப் போகிறவர்கள்

(குழுவாக அமர்ந்து வாசித்துக் கலந்துரையாடுவதற்கான பாடம்)



2025 நவம்பர் இறுதியில் வீசிய ‘டிட்வா’ புயல் நமது நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. மாவட்டங்களுள் கண்டி மாவட்டத்திலேயே மிக அதிகமானோர் இறந்தார்கள். மண்சரிவில் எல்லாவற்றையும் இழந்தவர்களும், மண்சரிவுக்குப் பயந்தவர்களுமாகக் குடும்பம் குடும்பமாக மலையை விட்டிறங்கி, பாடசாலைகளிலும் ஆலய மண்டபங்களிலும் உறவினர் வீடுகளிலும் தஞ்சமடைந்தார்கள். இப்படித் தங்கியிருக்கும் இடங்களில் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சு உண்டு. இரண்டு நாள் மழை விட்டு, காலையில் வெயில் முகம் தெரிந்ததும், “ஒரு நடை மேல போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்” என்று யாராவது ஒருவர் எழுந்து விடுவார். இந்தப் பாடம் அந்த ஒரு நடையைப் பற்றியது.

போகிறவரை மடையர் என்று ஏச நாம் வரவில்லை. கட்டியிருந்த பசு என்ன ஆனதோ, மிளகுக் கொடி நிற்கிறதோ விழுந்ததோ, பறிக்காமல் விட்ட போஞ்சி முற்றிப் போகிறதே என்ற தவிப்பு, விவசாயம் செய்தவர்களுக்குத்தான் விளங்கும். தகரப் பெட்டியில் காணி அனுமதிப் பத்திரம் இருக்கிறது. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. ஆளில்லாத காணியில் யாராவது வேலியை நகர்த்தி விடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. எல்லாம் நியாயமான காரணங்களே. எனினும், எப்போது போவது, யாருடன் போவது, எந்த இடத்தில் திரும்புவது என்பவற்றை ஒருவர் தம் மனம் போனபடி தீர்மானிக்கலாமா என்பதே நம்முன் உள்ள கேள்வி.

வெயில் ஏன் நம்மை ஏமாற்றுகிறது?

கொழுந்து மலையில் நனைந்த கம்பளியை வீட்டு வாசலில் தொங்கவிட்டுப் பாருங்கள். மழை விட்டு நெடுநேரமான பின்பும் அதன் ஓரத்திலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். நமது மலைச்சரிவும் அப்படித்தான். அடியில் கடும்பாறை, அதன் மேல் உக்கிப்போன பாறை, அதற்கும் மேல், காலங்காலமாக உயரத்திலிருந்து வழிந்து வந்து தங்கிய தளர்ந்த மண்ணும் கற்களும். பெய்த மழை மெல்ல மெல்ல உள்ளே இறங்கி, பாறையில் முட்டி, அங்கே தேங்குகிறது. தேங்கிய நீரின் அழுத்தம் மேலே கிடக்கும் மண்ணின் பிடியைத் தளர்த்துகிறது. இது நடக்க நேரம் எடுப்பதால், மழை நின்று வெயில் எறித்த பின்பும் மலை நகரக்கூடும். வானத்தைப் பார்த்து மண்ணின் நிலையைச் சொல்லிவிட முடியாது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் எச்சரிக்கைகளை வானொலியில் கேட்டிருப்பீர்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் மஞ்சள்: விழிப்பாக இரு. 100ஐ எட்டினால் செம்மஞ்சள்: புறப்படத் தயாராக இரு. 150ஐ எட்டினால் சிவப்பு: வெளியேறு. ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தாலும் சிவப்புத்தான். இதை நாமே ஓரளவு அளந்து பார்க்கலாம். பக்கங்கள் நேராக உள்ள வெற்றுப் பால்மா தகரம் ஒன்றைத் திறந்த வெளியில் வையுங்கள். உள்ளே தேங்கும் நீர் ஏழரை சென்ரிமீற்றர் ஆழமானால் அதுவே 75 மில்லிமீற்றர். உத்தியோகபூர்வமான அளவுக்கு இது ஈடாகாது என்றாலும், வானொலி இல்லாத இடத்தில் இது நல்ல காவல்காரன்.

வழியிலேயே மலை சில அடையாளங்களைக் காட்டும். தரையிலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரங்கள், வரிசை குலைந்த வேலிக் கம்புகள், இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று, திடீரென்று கலங்கி வரும் பீலித் தண்ணீர் ஆகியவற்றைக் கண்டால் அந்த இடத்திலேயே திரும்புங்கள். ஓடை நீர் திடீரென்று குறைந்து போனால் இன்னும் ஆபத்து. மேலே எங்கோ மண் விழுந்து நீரை மறித்திருக்கலாம். அது உடைத்துக்கொண்டு வரும்போது ஓட நேரமிராது.

மலை ஏறாதவருக்கும் ஆபத்து உண்டு. புயலுக்குச் சில நாட்கள் முன்பு, 2025 நவம்பர் 22ஆந் திகதி, கொழும்பு - கண்டி வீதியில் பஹல கடுகண்ணாவையில் கல்லும் மண்ணும் சரிந்து வீதியோரக் கடை ஒன்றின் மீது விழுந்தன. 6 பேர் உயிரிழந்தார்கள். ஆகவே மழை நாளில் வெட்டிய மண்திட்டுக்கும் பாறைக்கும் கீழே ஒதுங்கி நிற்பதும், அங்கே இருந்து சோற்றுப் பொதியை அவிழ்ப்பதும் கூடாது.

ஹந்தானையில் நடந்தது

கண்டி நகரிலிருந்து ஹந்தானை மலைத்தொடரைக் கண்ணால் காணலாம். ஏழு சிகரங்கள், மிக உயர்ந்ததும் 1,200 மீற்றருக்குக் குறைவே. பேராதனைப் பல்கலைக்கழகம் அதன் அடிவாரத்தில்தான் இருக்கிறது. நகரத்தின் முற்றம் போன்ற இந்த மலையில், 2021 பெப்ரவரியில், ஏறத்தாழ 180 மாணவர்கள் மோசமான காலநிலையில் வழி தெரியாமல் சிக்கிக்கொண்டார்கள். இராணுவத்தினரும் பொலிஸாரும் போய் அவர்களை மீட்டார்கள். 180 பேர் என்பது ஒரு சிறு கிராமம்! கூட்டமாகப் போனால் போதும், பயமில்லை என்பது உண்மையல்ல. மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் எல்லாத் திசையும் ஒன்றுதான். மானாப் புல்லுக்குள் பாதை எது, தண்ணீர் ஓடிய தடம் எது என்று தெரியாது.

“அவர்கள் வெளியூர்ப் பிள்ளைகள். நாங்க பிறந்து வளர்ந்த மலை இது, கண்ணை மூடிக்கிட்டுப் போவோம்” என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். மண்சரிவுக்குப் பிறகு அது நீங்கள் பிறந்து வளர்ந்த மலை அல்ல. அடையாளமாக இருந்த பலாமரம் கீழே போயிருக்கும். கால் வைத்துத் தாண்டிய கல் இருக்கும், ஆனால் அதன் அடிமண் இருக்காது. கான் வெட்டி நீரை ஒதுக்கிய இடத்தில் புதிய ஓடை ஓடும். சரிந்த மண்ணின் மேற்பரப்பு காய்ந்து ஆடை கட்டியிருக்க, உள்ளே இடுப்பளவு சேறு இருக்கும். பழகிய கால் பழைய பாதையையே தேடிப் போகும். புதியவனோ ஒவ்வொரு அடியையும் தட்டிப் பார்த்து வைப்பான். அந்த மலையைப் பொறுத்தவரை நாமும் இப்போது புதியவர்களே.

பனி மூடிவிட்டால் நடக்காதீர்கள். எல்லாரும் ஒன்றாக நின்று, விசில் ஊதி அல்லது தகரம் தட்டிச் சத்தம் கொடுங்கள். ஓடை வழியே இறங்கினால் ஊர் வரும் என்று நம்பி இறங்குவோர் பலர். நமது மலைகளில் ஓடை வழி பெரும்பாலும் நீர்வீழ்ச்சியின் தலையில் கொண்டுபோய் விடும்.

பவுலின் பேச்சைக் கேளாத கப்பல்

திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரத்தைக் குழுவில் ஒருவர் வாசிக்கட்டும். கைதியாகக் கொண்டு செல்லப்படும் பவுல், பருவம் கடந்துவிட்டது, இனிப் பயணம் ஆபத்து என்று எச்சரிக்கிறார். நூற்றுவர் தலைவரோ கப்பலோட்டியையும் கப்பல் உரிமையாளரையும் நம்புகிறார். பிறகு தெற்கிலிருந்து மெல்லிய காற்று வீசுகிறது. எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று எண்ணி நங்கூரத்தை எடுக்கிறார்கள். சற்று நேரத்தில் புயல் பிடித்துக்கொள்கிறது. அந்தத் தென்றல்தான் நாம் மேலே சொன்ன காலை வெயில். கப்பலில் இருந்தவர்கள் 276 பேர். முடிவெடுத்தவர்கள் சிலர், அலையில் சிக்கியவர்கள் அனைவரும். சிவனொளிபாத மலைக்கும் நம் முன்னோர் ஒரு பருவம் வைத்திருக்கிறார்கள்: டிசம்பர்ப் பௌர்ணமி முதல் வெசாக் பௌர்ணமி வரை. மலைக்குப் போகவும் ஒரு காலம் உண்டு என்பது நமக்குப் புதிய பாடமல்ல.

ஒருவர் மலையில் தவறினால் தேடிப் போகிறவர் யார்? அவருடைய தம்பி, பக்கத்துப் பாயில் படுத்திருப்பவர், கிராம உத்தியோகத்தர், யாரோ ஒரு தாயின் பிள்ளையான இராணுவச் சிப்பாய். அதே மழையில், அதே தளர்ந்த மண்ணில், அதுவும் இருட்டில் அவர்கள் ஏற வேண்டும். “எனக்கு ஏதாவது ஆனால் ஆகட்டும்” என்பது துணிச்சலான பேச்சாகத் தோன்றும். ஆனால் ஆகப்போவது அவருக்கு மட்டுமல்லவே. “வாடா தம்பி, துணைக்கு” என்று ஓர் இளைஞனை அழைத்துப் போகும் பெரியவர், அவனைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பையும் ஏற்றுக்கொள்கிறார். பிள்ளைகளை அறவே கூட்டிப் போக வேண்டாம்.

பொறுப்பு நம்முடையது மட்டுமல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி லயங்கள் மண்ணில் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. போக இடமில்லாதவனுக்கு எச்சரிக்கை மட்டும் கொடுத்து என்ன பயன்? காணியைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் மாதக்கணக்கில் பதில் இல்லாமல் காக்க வைத்தால், மக்கள் மலைக்குத்தான் திரும்பிப் போவார்கள். ஆகவே முகாம் குழுவாகச் சேர்ந்து பிரதேச செயலகத்திடம் கேளுங்கள்: காலநிலை நன்றாக உள்ள ஒரு நாளைக் குறித்து, அனுமதிக்கப்பட்ட காணிகளுக்கு உத்தியோகத்தர் ஒருவருடன் எல்லாரும் போய்வர ஒழுங்கு செய்யும்படி எழுத்தில் கேளுங்கள். பத்திரங்களுக்காக உயிரைப் பணயம் வைக்கவே தேவையில்லை. பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். தொலைந்த அடையாள அட்டைக்குக் கிராம உத்தியோகத்தர் மூலம் விண்ணப்பிக்கலாம்.

போகத்தான் வேண்டுமென்றால்

சிவப்பு எச்சரிக்கை நீக்கப்படும்வரை பேச்சுக்கே இடமில்லை. மற்ற நாட்களில் மூன்று பேருக்குக் குறையாமல் போங்கள். ஒருவருக்குக் கால் பிசகினால் ஒருவர் துணையிருக்க, மற்றவர் உதவி தேடி இறங்கலாம். முகாம் வாசலில் ஒரு கொப்பியைக் கட்டி வைத்து, யார் போகிறார், எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று எழுதி விட்டுப் போகும் வழக்கத்தை உண்டாக்குங்கள். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் காலை வெளித்திருந்து பிற்பகலில் இடியும் மழையும் வருவது வழமை. விடிந்ததும் புறப்பட்டு, காணியை அடைந்தாலும் அடையாவிட்டாலும் பதினொரு மணிக்குத் திரும்பிவிட வேண்டும். அரை மைல் மிச்சமிருக்கும்போது திரும்புவது மனதுக்குக் கஷ்டம்தான். அதனால்தான் நேரத்தைப் புறப்படும் முன்பே தீர்மானிக்கச் சொல்கிறோம். நடையின் வேகம் கடைசியில் வருபவரின் வேகமாக இருக்கட்டும்.

ஊன்றுகோல், டோர்ச், விசில், பொலித்தீன் பையில் கட்டிய உலர்ந்த உடுப்பு, கொஞ்சம் சீனி அல்லது பிஸ்கட், மின்னேற்றிய கைத்தொலைபேசி ஆகியவை போதும். (அட்டைக்குப் பயந்து உப்பும் சவர்க்காரமும் மறக்காமல் எடுப்பவர்கள் விசிலை மறந்து விடுகிறார்கள்!) முழங்கால் அளவு நீர் வேகமாக ஓடினாலே ஆளை இழுத்துவிடும், வடியும்வரை இக்கரையில் இருங்கள். இடி முழங்கினால் முகட்டையும் தனி மரத்தையும் கம்பி வேலியையும் விட்டு விலகுங்கள். நனைந்த உடுப்பும் காற்றும் சேர்ந்தால் நமது மலைகளிலும் உடல் விறைத்துப் போகும். ஒருவர் நடுங்கி, தடுமாறி, பேச்சுக் குழறினால் அது களைப்பு அல்ல. ஈர உடுப்பைக் களைந்து, உலர்ந்ததை உடுத்தி, சூடாக இனிப்பான பானம் கொடுங்கள். சாராயம் கொடுக்க வேண்டாம். அது உடற்சூட்டை இன்னும் குறைக்கும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990. இவற்றைக் கொப்பியின் அட்டையில் எழுதி வையுங்கள்.

கலந்துரையாட: நமது முகாமிலிருந்து கடந்த மாதம் மலைக்குப் போனவர்கள் யார் யார், எதற்காக? அந்தத் தேவைகளில் எவற்றை மலைக்குப் போகாமலே நிறைவேற்றலாம்? குறித்த நேரத்தில் ஒருவர் திரும்பவில்லை என்றால் முதலில் யாருக்கு அறிவிப்பது? கொப்பியை இந்த வாரம் யார் பொறுப்பெடுப்பது?