'ஷொபுன்' என்னும் ஜப்பானியச் சொல்

வேண்டாத பொருளை நீக்குவதற்கு ஜப்பானிய மொழியில் சொற்கள் பல உண்டு. கிழிந்த காகிதத்தைக் குப்பையில் எறிந்தால் 'ஸுத்தெரு' என்பார்கள். நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்டது அதுவன்று; 'ஷொபுன்' என்பது.

இச்சொல் இரண்டு எழுத்துக்களால் ஆனது. முன்னதற்கு ஒரு காரியத்தை உரியவாறு கவனித்தல் என்றும், பின்னதற்குப் பகுத்தல் என்றும் பொருள். பழைய அலமாரியை விற்றாலும், உறவினருக்குக் கொடுத்தாலும், உடைத்து எரித்தாலும் ஷொபுன்தான். பொருள் நம் கையை விட்டு நீங்கிற்று, விவகாரம் முடிந்தது என்பதை மட்டுமே அது தெரிவிக்கும். தேங்கிய சரக்கை விலை குறைத்து விற்பதற்கு 'ஸாய்க்கொ ஷொபுன்' என்று பெயர். தள்ளுபடி விற்பனையைக் கண்டு பழகிய நம் நெசவாளர் அங்கத்தினர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனித்தான் விசேஷம் இருக்கிறது. தவறிழைத்த உத்தியோகஸ்தருக்கு விதிக்கப்படும் தண்டனையும் ஷொபுன் எனப்படும். 1879-ல் ஜப்பானிய அரசாங்கம் ரியூக்கியூ அரச வம்சத்தின் ஆட்சியை முடித்து, அத்தீவுகளை ஒகினாவா மாகாணமாக்கியது. அதனையும் சரித்திர நூல்கள் 'ரியூக்கியூ ஷொபுன்' என்றே குறிக்கின்றன. அலமாரிக்கும் ஒரு நாட்டிற்கும் ஒரே சொல்!

உழவர்கள் கவனிக்கத்தக்க உதாரணம் ஒன்றும் உண்டு. 2010-ல் மியாஸாக்கி மாகாணத்தில் கோமாரி நோய் பரவியபொழுது, ஏறக்குறைய 2,90,000 மாடுகளும் பன்றிகளும் கொல்லப்பட்டன. நோய் காணாத கால்நடைகளுக்கும், பரவும் வேகத்தைத் தணிக்கத் தடுப்பூசி போட்டுப் பின்னர் கொன்றார்கள். இதற்கு 'ஸத்ஸு ஷொபுன்' என்று பெயர். முன்னொட்டான 'ஸத்ஸு' கொல்லுதலைக் குறிப்பது. அதை நீக்கிவிட்டு வெறுமனே ஷொபுன் என்று எழுதினால், கன்று முதல் வளர்த்தவன் கண்ணெதிரே நிகழ்ந்தது சரக்கு விற்பனை போலவே காதில் விழும். அதிகாரிகளுக்கு இத்தகைய சொற்கள் வசதியானவை என்பது நம் அபிப்பிராயம்.

தமிழில் இதற்கு நெருங்கியது 'தீர்த்தல்' எனலாம். கையிருப்பைத் தீர்க்கிறோம், கடனைத் தீர்க்கிறோம், வழக்கைத் தீர்க்கிறோம், பகைவனைத் தீர்த்துக்கட்டினான் என்றும் சொல்லுகிறோம். நீதிபதி அளிப்பதும் தீர்ப்பே. ஆகையால் ஷொபுன் என்ற சொல்லைக் கண்டால் முதலில் அதன் முன்னொட்டைப் பார்க்கவேண்டும். அது தனித்து நின்றால், விற்றார்களா, கொடுத்தார்களா, எரித்தார்களா என்று கேட்டே அறிதல் வேண்டும்.