மாரியில் ட்ரிப் விழுந்தால் மோட்டரைப் பாருங்கள்

ஆரையம்பதி வளவுகளில் நீச்சல்குளம் தேடினாலும் கிடைக்காது. ஆனால் குளத்துப் பம்புக்குள்ள ஆபத்து அத்தனையும் கிணற்றடி மோட்டருக்கும் உண்டு: ஈரத் தரை, வெறுங்கால், 230 வோல்ட். குளத்து விளிம்பிலிருந்து 2 மீற்றருக்குள் சாதாரண பிளக் பேஸ் வைக்கக் கூடாது என்பது சர்வதேச விதி. நாமோ கிணற்றுக் கட்டிலேயே பிளக்கைச் செருகிவிட்டுப் பக்கத்தில் நின்று குளிக்கிறோம்.

“பிரேக்கர் இருக்குத்தானே, கறண்ட் அடித்தால் விழுந்திடும்.”

விழாது. எம்.சி.பி. பிரேக்கர் வயர் எரியாமல் காப்பதற்கு. 16 அம்பியரைத் தாண்டினால்தான் அது அசையும். ஆளைக் கொல்ல ஓர் அம்பியரில் பத்திலொரு பங்கு போதும். ஆளைக் காப்பது ட்ரிப் சுவிட்ச், அதாவது ஆர்.சி.சி.பி. லைனில் போன கறண்ட் நியூட்ரலில் திரும்புகிறதா என்று அது கணக்குப் பார்க்கும். 30 மில்லி அம்பியர் குறைந்தாலே வெட்டிவிடும்.

“ஏர்த் கம்பி அடித்தாச்சு, பயமில்லை.”

எழுவான்கரை மணலில் இதைவிட ஆபத்தான நம்பிக்கை இல்லை. கோடையில் மேல்மணல் காய்ந்தால் கம்பியின் தடை 200 ஓமைத் தொடுவது புதினமல்ல. 230ஐ 200ஆல் வகுத்துப் பாருங்கள், ஓர் அம்பியருக்குச் சற்று மேல். மோட்டரின் உடம்பில் லைன் பட்டாலும் 16 அம்பியர் பிரேக்கர் பேசாமல் இருக்கும், தொடுகிறவருக்குத்தான் அடி. வாவிக்கரை ஈரத்தில் 20 ஓம் கிடைத்தாலும் வருவது 11.5 அம்பியர்தான். அந்த 200 ஓமிலும் ட்ரிப் சுவிட்ச் உடனே விழும். அதற்காகக் கம்பி வேண்டாம் என்றில்லை. ஈர மண்ணைத் தொடும் ஆழத்துக்கு இறக்கி, உப்புக்காற்று தின்ற கிளாம்பையும் மாற்ற வேண்டும்.

“மழைக்குச் சும்மா சும்மா ட்ரிப் விழுது. மோட்டருக்கு மட்டும் நேர் லைன் எடுப்பம்.”

சும்மா விழுவதில்லை. மோட்டரின் வயர்ப்பெட்டி மூடியைக் கழற்றினால் தெரியும்: ஒரு ஆணி இல்லை, உள்ளே எறும்புக்கூடு, செம்பில் பச்சை பூத்திருக்கும். கசிவு அங்கேதான். ட்ரிப்புக்கு முன்னாலிருந்து லைன் எடுத்துக் கொடுக்கும் வயர்மேன், கசிவை அப்படியே விட்டுவிட்டுக் காவலை மட்டும் நீக்குகிறார்.

“சிலிப்பர் போட்டிருக்கன்.” நனைந்த சிலிப்பரும் கிணற்றுக் கட்டில் ஊன்றிய கையும் சேர்ந்தால் அந்த றப்பரால் பயனில்லை.

ட்ரிப் சுவிட்சில் ‘டி’ என்றொரு பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழாவிட்டால் சுவிட்சை மாற்றுங்கள். விழுந்தாலும் சுவிட்ச் வேலை செய்கிறது என்று மட்டுமே பொருள். ஏர்த் கம்பியை அது சோதிப்பதில்லை. அதற்கு மீற்றரோடு ஒரு எலக்ட்ரீசியன் வர வேண்டும், அதுவும் மணல் காய்ந்திருக்கும் ஆடி, ஆவணியில்.